டாக்டருக்குக் குறுக்கு விசாரணை

சென்ற வாரம் எதிர்வீட்டுச் சண்முகம் பிள்ளையின் கருமாதிக்குப் போனேன். ஆற்றில் நல்ல தண்ணீர். தெளிந்து, குளிர்ந்து, யாருக்காகவும் நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது... என் மனம்தான் நகரவில்லை.

பிள்ளைக்கு முதுகில் கட்டி வந்திருந்தது. ராஜபிளவை. பாளையங்கோட்டையிலிருந்து டாக்டர் தேவசகாயம் வண்டி கட்டி வந்து பார்த்தார். இன்றே கீறிவிட வேண்டும் என்றார்.

கீறியிருக்கலாம். ஆனால் நம் ஊர் வழக்கம் தெரியாதா? பெண் எடுக்கவும் வக்கீல் யோசனை, மாடு வாங்கவும் வக்கீல் யோசனை! கோர்ட் வாசல் மிதிக்காத வீடு இந்தத் தாமிரபரணிக் கரையில் ஏது? பிள்ளையின் வயல் வழக்கை ஜெயித்துக் கொடுத்த வக்கீல் அண்ணாச்சிக்கு ஆள் போயிற்று.

வந்தார். கட்டியைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார்.

"கீறினா பிழைச்சிருவாரா?"

"பிழைக்க வழியிருக்கு."

"வழி கெடக்கட்டும் வே. நிச்சயமா? ஆமா, இல்லைன்னு சொல்லும்."

"நிச்சயம்னு எப்படிச் சொல்லுவேன்?"

"கீறாம ஆறின கட்டியே நீர் பார்த்ததில்லையா?"

டாக்டருக்குப் பொய் வராது. "ஒண்ணு ரெண்டு பார்த்திருக்கேன்..."

"கேட்டீயளா!" என்று வக்கீல், கூடியிருந்த எங்கள் பக்கம் திரும்பினார்.

சிரிப்பு எழுந்தது. குப்புறக் கிடந்த பிள்ளைகூட முனகலுக்கு நடுவே பெருமைப்பட்டார்: "எங்க அண்ணாச்சிகிட்ட யாரு வாய் குடுக்க முடியும்!"

டாக்டர் பெட்டியை மூடினார். "நீங்க பைய யோசிக்கலாம். கட்டி யோசிக்காதுய்யா."

கட்டிக்குப் பச்சிலைப் பற்றுப் போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் ஏறியது, பேச்சு குழறியது. மறுபடி டாக்டருக்கு ஆள் விட்டபோது, இனிக் கத்திக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டார்.

வக்கீல் கெட்டவரா? இல்லவே இல்லை. பிள்ளை மேல் அவருக்கு உயிர். தெரிந்த வேலையைச் சுத்தமாகச் செய்தார் — எதிராளியை மடக்கினார். டாக்டர் எதிராளி இல்லை என்பதை எங்களில் ஒருவராவது சொன்னோமா? விஷயம் தெரிந்தவர் தயங்கித்தான் பேசுகிறார். நமக்கோ தயங்காத குரல்தான் இனிக்கிறது. வியாதி, வியாபாரம், வீடு கட்டுவது... எதிலும் இதே கதை.

கருமாதி முடிந்தது. பிள்ளையின் மனைவி செல்லம்மாள் வக்கீல் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"அன்னைக்கு ஜெயிச்சீயளே அண்ணாச்சி... இதுக்கு அப்பீல் எங்கன போடணும்?"

வக்கீல் முதல்முறையாகத் தயங்கினார்.