முன்கூட்டியே நீண்ட கை

என் அண்ணிக்கு முதல் மொழி கைதான். அவருடைய அம்மாவுக்குக் காது கேட்காது. வாய் திறந்து பேசுவதற்கு முன்பே விரலால் பால் கேட்ட பிள்ளை என்று சொல்வார்கள். பிழைப்பும் அதுவே ஆயிற்று. மருத்துவமனை, வங்கி என்று காது கேளாதவர்களோடு போய், பேச்சைச் சைகையாகவும் சைகையைப் பேச்சாகவும் மாற்றித் தருவார். ஊர்விட்டு வந்து அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்ட எனக்கு, அவர் சாப்பாட்டு மேசையில் தனியாகக் கையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க முதலில் பயமாகத்தான் இருந்தது.

போன வருடம் அவரை ஒரு கல்லூரியின் தத்துவ, இறையியல் வகுப்புக்கு அனுப்பினார்கள். அவர் உதவ வேண்டிய மாணவருக்கு ஐம்பது வயது. லிஃப்ட் மெக்கானிக். சைகை பேசுபவர்கள் ஆளுக்கொரு அடையாளப் பெயர் வைத்துக்கொள்வார்கள். அவர் பெயர் ‘லிஃப்ட்’. காது மடலைத் தொட்டுக் காட்டினால் அண்ணி, அதாவது ‘கம்மல்’.

“வயித்துவலிக்குச் சைகை இருக்கு, வட்டிக்குக்கூட இருக்கு. டிரான்சென்டன்ஸுக்கு எங்க போறது?” என்று முதல் நாளே வந்து புலம்பினார் அண்ணி. எல்லாவற்றையும் கடந்த நிலை என்று பொருள்படும் அந்த ஆங்கில வார்த்தையை எழுத்தெழுத்தாக விரலில் காட்டி முடிப்பதற்குள் பேராசிரியர் இரண்டு வாக்கியம் தாண்டிவிடுவார். அதனால் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: சைகை இல்லாத வார்த்தைக்கு இருவரும் பேசி ஒன்றை வைத்துக்கொள்வார்கள். டிரான்சென்டன்ஸுக்கு லிஃப்டே ஒன்று கொடுத்தார்: கடைசி மாடியையும் தாண்டி மேலே போகிற ஒரு கை.

“கூரை ஒடஞ்சிடாதா?” என்றான் அண்ணன்.

“உங்களுக்குப் புரியாது, சும்மா சாப்பிடுங்க.”

கிரேஸ், அதாவது இறையருள், என்ற வார்த்தைக்கான சைகை அண்ணியுடையது. இடது உள்ளங்கை விரிந்து காத்திருக்கும். வலது கை மேலிருந்து மெல்ல இறங்கி அதில் ஒன்றை வைக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. எனக்கே செய்துகாட்டியிருக்கிறார்.

ஆண்டு முடிவில் வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது. தேர்வு நெருங்கியபோதுதான் கல்லூரி விதியைச் சொன்னது: வருடம் முழுக்கக் கூட இருந்தவர் தேர்வறைக்குள் வரக் கூடாது. சைகையை மாற்றித் தர வெளியிலிருந்து வேறொரு பெண் வருவாள். அவளிடம் முன்கூட்டிப் பேசவும் கூடாது. “நாங்க வச்ச சைகை எதுவும் அவளுக்குத் தெரியாதே” என்றார் அண்ணி.

“எழுத்துக்கூட்டிக் காட்டிடுவாரே அண்ணி?”

“அந்த வார்த்தையெல்லாம் அவருக்கு எழுத்தா தெரியாது தம்பி, கையாத்தான் தெரியும். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் புரியற மாதிரி பண்ணி வச்சிட்டேனே. நேரம் மிச்சம்னு நெனச்சேன்.”

தேர்வன்று நானும் துணைக்குப் போனேன். அறைக் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு. அண்ணி அதற்கு முதுகைக் காட்டி நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார். பார்த்தால் கை தானாகப் பேசிவிடுமாம்.

“நீங்க பாருங்க. அவர் மூஞ்சி எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

“நல்லாத்தான் போகுது… அந்தப் பொண்ணு நிறுத்தச் சொல்றா அண்ணி. ஏதோ கேக்கறா. அவர் அப்படியே நிக்கறார்.”

“எதுல நிக்கறார்?”

அண்ணி எனக்குச் செய்துகாட்டிய சைகைதான் அது. “கிரேஸ்ல.”

அண்ணி தன் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து லிஃப்ட் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காது மடலைத் தொட்டார். பிறகு கைகள் வேகமெடுத்தன. அண்ணி முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. எனக்காகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“பாஸாம்… அந்தப் பொண்ணு கேட்டாளாம், ‘இந்தக் கை ஏன் மொதல்லயே நீண்டிருக்கு? கேட்டு வாங்கறதா?’ன்னு. அவர் யோசிச்சாராம். கேட்டுக் கெடைச்சா அது கிரேஸ் இல்லையே. அப்புறம் இடது கைய மூடி, கீழ தொங்கவிட்டு, அத எதிர்பார்க்காத கைன்னு மாத்திக் காட்டினாராம். வாத்தியாருங்க எழுதறத நிறுத்திட்டுப் பாத்தாங்களாம்.” அண்ணி என் பக்கம் திரும்பினார். “அப்போ ஒரு வருஷமா நான் காட்டினது தப்பு.”

லிஃப்டுக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது. தலையை ஆட்டி மறுத்து, ஏதோ காட்டினார்.

“என்ன சொல்றார்?”

“‘தப்பா காட்டலைன்னா நான் எதைத் திருத்தியிருப்பேன்?’ங்கறார். கொழுப்பு.”

வீட்டுக்குத் திரும்பும்போது கார் சிக்னலில் நின்றது. அண்ணியின் இடது கை மடியில் மூடியிருந்தது, திறந்தது, மறுபடி மூடியது.

இரண்டாம் ஆண்டு முதல் வகுப்பிலேயே அந்த வார்த்தை வந்துவிட்டதாம். பழக்கதோஷம், இடது கை விரிந்து முன்னால் நீண்டுவிட்டது. முதல் வரிசையிலிருந்து லிஃப்ட் முறைத்த முறைப்பில் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டாராம் அண்ணி.