ஏர்லாக்குக்கு வெளியே ஒரு மெடிக்

எங்கள் கம்பெனியின் பெயின்ட் ஷாப்புக்குள் போக இரண்டு கதவுகள். நடுவில் ஏர்லாக் என்று ஒரு சின்னக் கூண்டு. அதில் நின்றால் நாலா பக்கமும் காற்று பீய்ச்சியடித்துச் சட்டைத் தூசியைப் பிடுங்கிவிடும். முதல் கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும். இன்று காலை நான் கூண்டுக்குள் வந்துவிட்டேன், என் பின்னால் வந்த கான்ட்ராக்ட் ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். ப்ஸ்ஸ் என்று கதவு மூடியது. அவர் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்புதான் நண்பா. ஆனால் அவரைப் பார்த்து இல்லை, மஞ்சுவை நினைத்து.

காலேஜ் நாட்களில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் கேமிங் சென்டர் இருந்தது. ஏசி ஓடும், குளிராது. கீழேயிருந்து முட்டை பப்ஸ் வாசனை ஏறி வரும். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர்களின் சட்டையிலிருந்து கூலன்ட் ஆயில் வாடை. இன்றைக்கும் மெஷின் பக்கம் கூலன்ட் வாடை அடித்தால் எனக்கு பப்ஸ் பசி எடுக்கிறது. இதை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, அங்கே என் பேரே அதுதான். நாங்கள் ஆடியது விண்வெளிச் சண்டை கேம். காற்றே இல்லாத கிரகம், டீமுக்கு ஐந்து பேர். ஒருத்தனிடம் கேடயம், மற்றவர்களிடம் துப்பாக்கி, குண்டு. மிச்சம் இருப்பது மெடிக். யாருக்கும் வேண்டாத வேலை, அதனால் எனக்கு. அடிபட்டு விழுந்தவன் உடனே சாக மாட்டான். நகர முடியாமல் கிடந்து கத்துவான். மெடிக் பக்கத்தில் போய் எஃப் கீயை அமுக்கிப் பிடித்தால் பச்சைக் கோடு மெல்ல நிரம்பும். முழுசாக நிரம்பினால் எழுந்துவிடுவான். பாதியில் விரலை எடுத்தால் மறுபடி பூஜ்யம். கடைசியில் எல்லாரும் கப்பலுக்கு ஓட வேண்டும். கப்பல் கதவு ஒரு தடவைதான் மூடும், பிறகு திறக்காது. உள்ளே போன எவனும் மூடலாம். வெளியே மாட்டியவன் அந்த மேட்ச்சில் எடுத்த பாயின்ட் அத்தனையும் காலி.

விழுந்தவனையெல்லாம் எழுப்பிவிட்டுக் கடைசியாக ஓடி வருபவன் நான். கதவை மூடுபவன் எங்கள் கேப்டன் மஞ்சு. என் முகத்துக்கு நேராகத்தான் மூடுவான்.

பாகலூரில் அவன் வீட்டுக்கு, பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் இருந்தது. என் அப்பா திருநெல்வேலியிலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். பதறினால் என் வாயில் 'ஏலே' வந்துவிடும். அதற்காகவே மஞ்சு காத்திருப்பான்.

"டாக்டரே, அங்க காத்தே இல்ல. ஏலே ஏலேன்னு கத்தி மூச்ச வேஸ்ட் பண்ணாதீங்க."

மொத்த சென்டரும் சிரிக்கும். ஸ்கோர் போர்டில் கடைசி வந்தவன் மறுநாள் ஏழாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதில் எஃப் கீக்கு மூடி கிடையாது, ரப்பர் மொட்டு மட்டும். அதை அமுக்கி அமுக்கி என் விரல் காய்த்துப்போனது. "எழுதி எழுதியே காச்சிடுச்சி பாருங்க" என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமை அடித்தாள்.

நாங்கள் பெரிய புத்திசாலிகள் வேறு. அத்திபள்ளி டீம் எதிர் வரிசையில் உட்காரும். அவர்களுக்குப் புரியக் கூடாதென்று மஞ்சு தெலுங்கில் "வெனகால!" என்று கத்துவான், பின்னால் என்று அர்த்தம். "இக்கடே உன்னாம் ரா!" என்று எதிரிலிருந்து பதில் வரும், இங்கேதான் இருக்கிறோம்டா என்று. இந்தக் கர்நாடக எல்லையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெரியாதவன் யார்? அது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் பெங்களூர் போட்டி வந்தது. மேடை, பெரிய திரை, மைக்கில் நம் பேர். எனக்கு அது வேண்டும் நண்பா, வெறியாக வேண்டும். ஒரு தடவையாவது டாக்டர் என்று இல்லாமல் என் சொந்தப் பேரைக் கூப்பிடுவார்களே.

பெங்களூர் போகும் முன் அத்திபள்ளி டீமோடு கடைசி மேட்ச். அன்று மஞ்சு அறிவித்தான். "போர்டுல கடைசி வர்றவன் அவுட்டு. அவன் எடத்துல சேத்தன்."

சேத்தன் அவனுடைய மாமா பையன். சொந்த ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேட்ச் தொடங்கும் முன்பே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "பிரதர், சீட்ட கொஞ்சம் பின்னால தள்ளியே வைங்க. எனக்கு காலு நீளம்."

அன்று எல்லாரையும் எழுப்பினேன். மஞ்சுவை மட்டுமே எத்தனையோ தடவை. கப்பல் வந்தது. மூன்று பேர் உள்ளே ஏறிவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் மஞ்சு அடிபட்டு விழுந்தான்.

"டாக்டரே, இங்க!"

போனேன். ரப்பர் மொட்டை அமுக்கினேன். பச்சைக் கோடு முக்கால்வாசி வந்ததும் விரலை எடுத்தேன்.

"என்னாச்சிடா?"

"கீ சரியில்ல கேப்டன். ஏழாம் நம்பர் சிஸ்டம்."

மறுபடி அமுக்கினேன். இந்த முறை இன்னும் கொஞ்சம் நிரம்ப விட்டு எடுத்தேன்.

"அண்ணா, இவன் வேணும்னே பண்றான்!" என்று பின்னாலிருந்து சேத்தன் கத்தினான். அப்போதுதான் மஞ்சு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவனுக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கெஞ்சினான். பேர் நன்றாகத்தான் இருந்தது, அந்தக் குரலில்.

"அங்க காத்தே இல்ல கேப்டன். மூச்ச வேஸ்ட் பண்ணாதீங்க. வாரேம்ல."

உள்ளே போய்க் கதவை மூடினேன். ப்ஸ்ஸ். கேமில் அவன் குரல் அறுந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் அறுபடவில்லை.

ஜெயித்தோம். போர்டில் கடைசிப் பேர் மஞ்சு, எதிரே பூஜ்யம். அவன் அதை நிதானமாகப் படித்தான். "ரூல் எல்லாம் டீமுக்குடா. கேப்டனுக்கு இல்ல" என்றான். என் நாற்காலியைப் பின்னால் இழுத்தான். எழுந்தேன். சேத்தன் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். நான் எழுப்பிவிட்ட மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மட்டும் தண்ணீர் பாட்டில் லேபிளைச் சுரண்டினான்.

பெங்களூருக்கு மெடிக் இல்லாமல் போனார்கள். சேத்தனுக்கு எழுப்பும் வேலை பிடிக்காதாம், அவனும் துப்பாக்கி எடுத்தான். முதல் மேட்ச்சில் கப்பல் வரும் முன்பே ஐந்து பேரும் தரையில் கிடந்து ஒருத்தனை ஒருத்தன் திட்டினார்களாம். லேபிள் சுரண்டியவன் வாய்ஸ் மெசேஜில் சொன்னான். பேக்கரி வாசலில் பப்ஸ் தின்றபடி கேட்டேன். இன்னொரு பப்ஸ் வாங்கி, மறுபடி கேட்டேன். பெருந்தன்மை எல்லாம் எனக்கு வராது.

இப்போது அந்த மாடியில் ஃபோன் கவர் விற்கிறார்கள். பாலிஹவுஸ் இருந்த இடத்தில் வீட்டு மனைக் கற்கள். மஞ்சு கூலிங் கிளாஸ் போட்டு மனை விற்கிறான், ஸ்டேட்டஸில் பார்க்கிறேன். கேமின் சர்வரையே நிறுத்திவிட்டார்கள். திறந்தால் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். விரலில் இருந்த காய்ப்பும் போய்விட்டது.

வருத்தமா என்று கேட்காதே. இன்னொரு மேட்ச் வேண்டும், அவன் அதே இடத்தில் விழ வேண்டும். பச்சைக் கோட்டை மயிரிழை பாக்கி வரை நிரப்பிவிட்டு விரலை எடுப்பேன். விழுவதற்கு இப்போது அந்தக் கிரகமே இல்லை.

காலையில் கொஞ்ச நேரம் அந்தக் கான்ட்ராக்ட் ஆளைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பட்டனை அமுக்கினேன். மறுபடி திறந்துகொண்டது. இந்தக் கதவில் எனக்குப் பிடிக்காதது அதுதான்.