எஸ்தர் அக்காவின் ஊக்கு

எஸ்தர் அக்கா போய்விட்டார். காலையில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... வந்த பஸ்ஸில் ஏறாமல் செவிலிமேடு ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு முள். ஒரே ஒரு கருவேல முள்.

பேக்கிங் செக்‌ஷனில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி, நாள் முழுக்க மரப்பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிற வேலை. கிளவுஸ் போட்டாலும் கையில் மரச் சிலாம்பு முள் மாதிரி ஏறிவிடும்.

ஏறினால் எல்லாரும் ஓடுவது ஓரிக்கையிலிருந்து வரும் எஸ்தர் அக்காவிடம்தான். ஐடி கார்டு கயிற்றில் எப்போதும் ஒரு ஊக்கு குத்தி வைத்திருப்பார்.

முதலில் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்வார். ஊக்கை சானிடைசரில் துடைத்துவிட்டு, கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்துவார். "எங்க வலிக்குது, சொல்லு."

கண்ணால் தேடவே மாட்டார். நாம் "ஸ்ஸ்" என்று கையை இழுக்கும் இடத்தில் நிறுத்துவார். "தோ... இங்கதான் குந்திக்கினு இருக்காரு."

முள், சிலாம்பு எல்லாவற்றுக்கும் மரியாதைதான். "வெளிய வாங்க சார், டைம் ஆவுது" என்பார். நாம் சிரித்து முடிப்பதற்குள் அது நம் உள்ளங்கையில் இருக்கும். "பாரு, இத்துணூண்டு. இதுக்கா இவ்ளோ சவுண்டு வுட்ட?"

ஒருமுறை என் மகள் பாலாற்று மணலில் விளையாடப் போய்க் குதிகாலில் முள் ஏற்றிக்கொண்டு வந்தாள். பாதி உள்ளேயே முறிந்துவிட்டது. என் அப்பா எருக்கம்பால் வைக்கலாம் என்றார். எனக்குப் பயம்... அக்கா சர்ச் முடிந்து வரும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

காலைத் தொடவே விடவில்லை. வலிக்கும், வலிக்கும் என்று ஒரே அழுகை.

"வலிக்கட்டும்டா கண்ணு. வலிச்சாத்தான் அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

இந்த ஒரு வார்த்தை காலையிலிருந்து என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

அக்காவுக்கு சுகர். பல வருஷமாக. ஆற்றோரம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனபோது முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்க வேண்டும் என்கிறார்கள். அதோடு சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட் முழுக்க நின்றிருக்கிறார்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். "இந்த ஷூ என்னமோ டைட்டா இருக்குதுமா" என்று மட்டும் சொன்னார். வலிக்கிறது என்று சொல்லவில்லை... வலித்தால்தானே சொல்வார்.

சாவு வீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அம்மாக்குத் தெரியவே இல்ல ஆன்ட்டி. காலு மரத்துப் போயிருக்குது. சாக்ஸ்ல சீழைப் பாத்துட்டு நாந்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். முள்ள எடுத்துட்டாங்க ஆன்ட்டி... அதுக்குள்ள வெஷம் ஒடம்பு பூரா ஏறிடுச்சாம்."



அத்தனை பேருக்கு எடுத்துவிட்ட மனுஷி. அக்கா, ஒரே ஒரு தடவை உங்கள் காலைத் திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா? கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. கர்த்தர் மேல் கூட இருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்ததும் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, கீழே உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கும் சுகர்.

பாதத்தைத் துடைத்து விரலிடுக்கெல்லாம் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. அப்புறம் அக்கா மாதிரியே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். "எங்க வலிக்குது, சொல்லுப்பா."

"எங்கயும் வலிக்கலமா."

இன்னும் பலமாக அழுத்தினேன். நகம் பதிகிற அளவுக்கு. அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே, "அதான் வலிக்கலன்றேன்ல. வுடும்மா" என்றார்.

காலை விட மனசில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே அழுத்தினாலும் வலிக்கவில்லை என்கிறார், அக்கா.

போய் வாருங்கள்.