அப்பா பெயரும் ஓல்ட் பாயும்

1. வேலையில் சேர்ந்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்பா பெயரை முதலிலும் என் பெயரைப் பின்னாலும் எழுதினேன்.

2. இரண்டு வருடம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் கணினி சர்வர்களை மதுரையிலிருந்து பார்த்துக்கொள்ளும் குழுவில் போட்டார்கள். அங்கே எங்களுக்குத் தொடர்பு, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பொறியாளர். எல்லாம் சாட்டில் எழுதிக்கொள்வதுதான்.

3. முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று அவர் நினைத்தார். என்னை அப்பா பெயரால் அழைத்தார்.

4. மூன்றாம் வாரம் அது ‘ஓல்ட் பாய்’ ஆனது.

5. நான் திருத்தவில்லை.

ஐந்தாவதற்கு மட்டும் விளக்கம் தேவை. ஓல்ட் பாய் என்பது அந்தக் கால ஆங்கிலேய ஆண்கள் தங்களுக்குள் நெருக்கமாகச் சொல்லிக்கொண்டது. வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிட்டத்தட்ட நம் மாப்ள. எங்கள் குழுவில் ஆறு மாப்ள, ஒரு மேடம்; அது நான். எந்த சர்வர் தகராறு செய்கிறது என்பதை மாப்ளைகள் டீ குடிக்கும்போதே பேசி முடித்துவிடுவார்கள். எனக்கு மறுநாள் மெயில் வரும். அவர் மட்டும் எனக்கு முதலில் சொன்னார், கையேட்டில் இல்லாததையும் சேர்த்து. எட்டு மாதம் அந்தச் சலுகையை விட மனம் வரவில்லை.

பிறகு எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றும் வேலை வந்தது. அதை நடத்த அவர் என்னைத்தான் கேட்டார், வீடியோவில் பேசலாம் என்றார். நடத்துபவருக்குக் குழுவின் லீட் பதவி. மூன்று வருடமாக அதற்குத்தான் காத்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வழி சொன்னார்.

“நான் கேமரா முன்னாடி உக்காந்துக்கிறேன் மேடம். நீங்க இந்தப் பக்கமிருந்து எடுத்துக் குடுங்க.”

“அப்ப லீட்டும் நீங்களே ஆயிருவீங்களா?”

“அம்புட்டுத் தூரம் யோசிக்கல.”

“நான் யோசிச்சேன்.”

மேனேஜர் நேராகவே சொன்னார். “அந்தாளு கோவிச்சுக்கிட்டா வேற ஆளத்தான் போடணும்மா. பாத்துப் பேசு.”

அன்றே பொறியாளருக்கு எழுதினேன். அது என் அப்பா பெயர், நான் பெண், சொல்லாமல் இருந்தது என் தவறு. மூன்றே வரி. பதில் வரவில்லை.

மறுநாள் மதியம் கேமராவைப் போட்டேன். எதிரே டை கட்டிய ஒரு நரைத்த மீசைக்காரர். முகம் சிவக்க மன்னிப்புக் கேட்டார், இரண்டு முறை மேடம் என்றார். இனி இவர் எதையும் சொல்ல மாட்டார் என்று தோன்றியது. வேலைப் பட்டியலைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். பதினோராவது வரியில் கையைத் தூக்கினார். “அது நடக்காது, அந்த இணைப்பை நான்தான் என்றோ அவசரத்தில் மாற்றிப் போட்டேன், எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது” என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மிச்சத்தை இருவரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் திருத்தினோம்.

மாற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. இரண்டு பிரிண்டர்களைத் தவிர எல்லாம் ஓடுகின்றன. லீட் பதவியை ஆறு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு மாதம் முடிந்திருக்கிறது.