எட்டு கிலோஹெர்ட்ஸில் தேவராஜ் அண்ணன்

மைக் செட் தேவராஜ் அண்ணன் இறந்துவிட்டார். இன்று காலை, உத்திரமேரூரில், கடை வாசலில் வேனில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

அண்ணிதான் போன் செய்தார். "உங்க அண்ணன் பூட்டாரும்மா" என்றார். "சரிங்க அண்ணி" என்றேன். அப்படியா சொல்வார்கள்?

ஏனாத்தூரில் ஒரு காலேஜ் லேபில் வேலை எனக்கு. போனை வைத்துவிட்டு, மதிய வகுப்புக்கு மீட்டர்களை எல்லாம் எடுத்து மேஜையில் வைத்தேன். ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறேன்.

அண்ணனும் நானும் ஒன்றாகச் சென்னைக்குப் போய் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதினோம். சொந்தமாக வயர்லெஸ் வைத்துப் பேச லைசென்ஸ் தரும் பரீட்சை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டும் மனிதர், பாஸான அன்று பஸ் முழுக்க மிக்சர் பாக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார்.

ஆனால் எல்லோரையும் போல உலகத்தோடு பேச அவருக்கு ஆசை இல்லை. மிக மிகக் குறைந்த அலைவரிசைதான் வேண்டும், எட்டு கிலோஹெர்ட்ஸ். அதற்குத் தனியாக டிரான்ஸ்மிட்டர்கூட வேண்டாம். மைக் செட் ஆம்ப்ளிஃபயர் போதும். ஸ்பீக்கருக்குப் போகிற வயருக்குப் பதிலாக நீளமாக ஒரு கம்பியை வயலில் இழுத்து, இரண்டு முனையையும் பூமியில் இறக்கினால் அதுவே ரேடியோ.

எங்கள் லைசென்ஸில் அந்த அலைவரிசை கிடையாது. அதுதான் பிரச்சினை.

"அவ்ளோ கீழ யாருக்குமே ஒதுக்கலண்ணே. சும்மா போட்டுப் பாக்கலாம், யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"யாருக்கும் குடுக்கலன்னா, நமக்குக் குடுத்துட்டாங்கன்னு அர்த்தமாம்மா? நாளைக்கு எவனாவது வந்து செட்டத் தூக்கினு பூட்டான்னா என் பொயப்பு இன்னா ஆவறது?"

அப்புறம் அவரே சிரித்தார். "ஒரே ஆம்ப்ளிஃபயர்தான். ஸ்பீக்கர்ல உட்டா போலீஸ் பர்மிஷன், கம்பில உட்டா டில்லி பர்மிஷன். இன்னா பேஜாரா கீது பாரு!"

டில்லிக்கு எழுதிக் கேட்டார். உங்கள் லைசென்ஸில் இதற்கு இடமில்லை, பரிசோதனைக்கென்று தனி அனுமதி வேண்டும் என்று பதில் வந்தது. அதற்கும் விண்ணப்பித்தார். எந்த வயல், எவ்வளவு பவர், எத்தனை நீளக் கம்பி என்று கேள்வி மேல் கேள்வி... ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். நான் ஏறக்குறைய மறந்தேவிட்டேன்.

வந்தது அனுமதி. கொஞ்ச நாளைக்கு மட்டும், பகலில் மட்டும், குறைந்த பவரில்.

காவாந்தண்டலத்தில் அவர் மச்சானின் வயல். அறுப்பு முடிந்து வெறுமையாகக் கிடந்தது. அவர் அங்கே, நான் தாமல் ஏரிக்கரையில், அலையைப் பிடிக்க ஒரு கம்பிச்சுருளும் அதைக் கோடாகக் காட்ட லேப்டாப்புமாக. முதல் நாள் எதுவும் வரவில்லை. போன் செய்தால், "மாடு கம்பிய மிதிச்சி அறுத்துட்ச்சிம்மா" என்றார். மறுநாளும் ஒன்றும் இல்லை. கடைசி நாள், தாமல் ரொம்ப தூரம், வேண்டாம் என்று முடிவு செய்து, ஏனாத்தூருக்கு வெளியே, கரண்டு கம்பி எதுவும் இல்லாத ஒரு திடலில் உட்கார்ந்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு ஸ்கிரீனில் ஒரு கோடு. தலைமுடி மாதிரி. நானாகக் கற்பனை செய்கிறேனோ என்று சந்தேகம்.

"அண்ணே, ஒருவாட்டி நிறுத்துங்க."

கோடு நின்றது.

"இப்ப போடுங்க."

சற்று நேரத்தில் மறுபடி வந்தது.

"அண்ணே... வருது! நீங்கதான்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நல்லாப் பாத்தியாம்மா?" என்றார். "நல்லாப் பாத்தேண்ணே." "சரி... டைம் ஆய்ட்ச்சி. ஆஃப் பண்ட்றேன்." இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள் என்று கெஞ்சினேன். விடவில்லை.

போன வாரம் பேசினார். "மறுபடியும் அப்ளை பண்ணிட்டேம்மா. இந்தவாட்டி தாமலுக்கே உட்டுப் பாப்போம்." நான் வேறு ஏதோ வேலையில், "சரிண்ணே, பாக்கலாம்" என்றேன்.

பதில் அவர் பெயருக்குத்தான் வரும்.

மாலையில் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் உத்திரமேரூர் வீட்டுக்கு வாருங்கள்.

போய்ட்டு வாங்கண்ணே. நான் பஸ் ஏறிட்டேன்.