பத்தரை மணிக்கு வராதவர்

புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அண்ணி போன் செய்தாள். நான் அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்குத் தேதி போட்டுக்கொண்டிருந்தேன். "உங்கண்ணன் போயிட்டாரு" என்றாள். "எங்கே?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். மூன்று நாளாக வீட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த மனிதன் கடைசியில் கடைப்பக்கம் நழுவிவிட்டான் போல என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அண்ணி அதையே இன்னொரு முறை சொன்னாள். அதன் பிறகுதான் புரிந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடம் ஒரே கம்பெனி. வேலையிடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'சாவி' என்பார்கள். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி ஒன்று எப்போதும் அவன் பெல்ட்டில் தொங்கும். என் கல்யாண போட்டோவில்கூடத் தொங்குகிறது. கழற்றி வைத்துவிட்டு வா என்றால், "எவனாவது மாட்டிக்கிட்டா?" என்பான். கல்யாண மண்டபத்தில் லிஃப்டே கிடையாது.

செத்தவனைப் பற்றி எல்லோரும் சர்க்கரை தடவித்தான் பேசுகிறார்கள். எனக்கு அது வராது. அவன் குடிகாரன். லிஃப்ட் மெஷின் அறை பெரும்பாலும் மொட்டை மாடியில் இருக்கும். அதன் சாவி இவனிடம் மட்டும் இருக்கும். ஊரில் பாதி மொட்டை மாடிகளில் இவனுடைய பாட்டில் ஒன்று ஒளிந்திருந்தது. பொய் சொல்வான், அதையும் சரியாகச் சொல்லத் தெரியாது. பல்வலி என்று ஒரே பல்லை மூன்று முறை பிடுங்கியதாகச் சொல்லியிருக்கிறான்.

போன வருடம் ஒருநாள் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது தள்ளாடினான். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் கம்பெனியில் அப்போதுதான் 'ஊழியர் உதவித் திட்டம்' என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். அதற்கு ஆள் தேவைப்பட்டது.

திட்டத்துக்குப் பொறுப்பு பணியாளர் நல அதிகாரி. ஆட்கள் அவருக்கு 'நலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு அறையில் அவர் ஒட்டிய போஸ்டரில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரு பச்சை இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே 'உங்கள் மனம், எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. எட்டு முறை போனில் ஆலோசனை. அதோடு பன்னிரண்டு வாரம், செவ்வாய்தோறும் காலை பத்தரைக்கு, குடிநோய் புறநோயாளி மையத்தில் சிகிச்சை. எல்லாம் ரகசியம். ஆனால் போகும்போதெல்லாம் சூப்பர்வைசரிடம் ஒரு சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டை அவர் எல்லோரும் பார்க்கும் பலகையில் கிளிப் போட்டு மாட்டிவைப்பார்.

"என்ன சாவி, இன்னிக்கு ரகசியமா எத்தனை மணிக்குக் கிளம்புறே?" என்று கேட்பார்களாம்.

"பத்து மணிக்குடா. யார்கிட்டயும் சொல்லாத, பலகையைப் பார்த்துக்கச் சொல்லு."

போன் ஆலோசனை இன்னும் கூத்து. கண்ணை மூடி ஓர் அருவியை நினைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள் போனில் பேசிய பெண். இவன் அப்போது ஆறாவது மாடி உயரத்தில், லிஃப்ட் கூரைமேல். "மேடம், கண்ணை மூடினா நானே அருவி மாதிரி விழுந்துருவேன்" என்றானாம். 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதி மையத்தின் ஃபைலுக்கு அனுப்பிவைத்தாள். அதைப் பின்னால் நானே பார்த்தேன்.

ஆனால் மையத்தின் மாத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் குறையை மட்டும் எழுதும் அவர்களைப் போல் நானும் ஆகிவிடுவேன். ஐம்பத்து மூன்று நாள் அவன் தொடவில்லை. தூங்கினான். காலையில் எழுந்து எல்லோருக்கும் புத்தி சொல்லத் தொடங்கினான். ஒருநாள் அண்ணி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு முகம் சுளித்தான்.

"இத்தனை வருஷமா இந்த டீயையா குடிச்சேன்?"

"நீங்க எங்கங்க டீ குடிச்சீங்க?" என்றாள் அண்ணி.

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மையத்தில் ஒரு விதி. மூன்று முறை வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மூடினால் கம்பெனிக்குக் கடிதம் போகும். கம்பெனி சஸ்பெண்ட் செய்யும். முதல் முறை போகாதது அவன் தப்பு. இரண்டாவது வாரம், குடித்துவிட்டு வெட்கப்பட்டுப் போகவில்லை. இரண்டாவது முறை காய்ச்சல். மூன்றாவதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒன்பதாவது வாரம். பத்து மணி பத்து நிமிடத்துக்கே போய்விட்டான். மையம் நாலாவது மாடி. கீழே வாட்ச்மேன் படிக்கட்டருகே நின்று கத்திக்கொண்டிருந்தான். லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவசர மணி அடிக்கவில்லை, தட்டும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்திருக்கிறது. அது இவனுடைய கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட். இவன் போட்டிருந்தது அதே கம்பெனிச் சட்டை.

"அண்ணே, கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே!" என்றிருக்கிறான் வாட்ச்மேன்.

இவன் கம்பெனிக்குப் போன் போட்டான். வேறு ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். "நீதான் அங்கேயே இருக்கியே சாவி, பாத்துடு." வழக்கமாக இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் மேலே மெஷின் அறையில் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றவர் கீழே கதவருகே நின்று, பெட்டி தளத்துக்கு நேராக வந்ததும் சொல்ல வேண்டும். இவன் ஒருவனே மாடிக்கும் நாலாவது தளத்துக்கும் ஏறி இறங்கினான். பதினொன்று ஐந்துக்குக் கதவைத் திறந்தான்.

உள்ளேயிருந்து வெளியே வந்தது மையத்தின் ஆலோசகர் அம்மா. பத்தரைக்கு இவனைப் பார்க்க வேண்டியவர்.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா. மூச்சே முட்டிடுச்சு" என்றார். தண்ணீர் குடித்தார். முகம் கழுவினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். பத்தே முக்காலுக்குக் கவுன்ட்டரில் கையெழுத்துப் போடாதவர்களை அதுவே 'வரவில்லை' என்று மாற்றிவிடும். மாற்றிவிட்டிருந்தது.

"மேடம், நீங்களும்தான் பத்தரைக்கு வரல" என்றிருக்கிறான் அண்ணன்.

"என்னோடது வேற சிஸ்டம்" என்றார் அந்த அம்மா.

இந்த வாக்கியத்தை அண்ணன் நடித்துக் காட்டும்போது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். யாரோ ஒருவர் பேனாவால் அடித்துத் திருத்திவிடுவார் என்று நினைத்தோம். திருத்த எந்தப் பேனாவுக்கும் அதிகாரம் இல்லை. மறுநாளே கடிதம் போய்விட்டது. அண்ணன் நலத்திடம் போய் நின்றான். பத்து இருபது முதல் பதினொன்று ஐந்து வரை அவன் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்ததாகக் கம்பெனியின் பதிவேட்டிலேயே இருந்தது.

"பாத்தீங்களா? சிகிச்சைக்குன்னு அனுமதி வாங்கிட்டு அங்க போய் வேலை பாத்திருக்கீங்க" என்றார் நலம்.

"சார், உள்ள இருந்ததே என் டாக்டரம்மா."

"அவங்க டாக்டர் இல்ல, ஆலோசகர்" என்று திருத்தினாராம். அந்த ஒன்றை மட்டும் திருத்த அவரால் முடிந்தது.

சஸ்பெண்ட். மேல்முறையீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான் ஒருத்திதான். அண்ணன் என்னைக் கூப்பிடுவதே 'காலேஜ்' என்றுதான். நல்ல தமிழில், பத்தி பிரித்து, பணிவும் கண்ணியமுமாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது. பதில் வர இருபத்தாறு நாள் ஆனது. வேலை இல்லாமல், கூப்பிட ஒரு லிஃப்ட்கூட இல்லாமல், அவன் ஐந்தாவது நாளே மறுபடி தொடங்கிவிட்டான். இந்த முறை ஒளித்துவைக்க மெஷின் அறை இல்லை, வீட்டிலேயே குடித்தான். காலையில் எழுந்ததும் குடித்தான்.

பதில் சாதகமாக வந்தது. மையத்தில் மீண்டும் பதிவு செய்துகொள்ளலாம், வேலையும் போகாது. ஒரே நிபந்தனை: பதிவுக்கு முன் தொடர்ந்து ஏழு நாள் குடிக்காமல் இருக்க வேண்டும். குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் நாள்தோறும் அதைப் பார்த்து, ஏழு கட்டங்களில் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் சத்தமாகப் படித்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஏய் காலேஜ், ஏழு நாள் நானா நிறுத்த முடிஞ்சா அங்க எதுக்குடி போறேன்?"

அந்தக் கேள்வியை அந்த மையம் கேட்டிருக்க வேண்டும். நலம் கேட்டிருக்க வேண்டும். படித்தவள் நானாவது கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "ஏழு நாள்தானே அண்ணா. வைராக்கியமா இரு. வேலைக்காகவாவது இரு."

இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஒரு சொட்டுத் தொடவில்லை. மீதி இருந்த பாட்டிலை அண்ணி கண்ணெதிரே கழிவறையில் ஊற்றினான். திங்கள் மாலை நான் கையெழுத்துப் போடப் போனபோது போர்வைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையும் ஆடியது. மூலையில் யாரோ நிற்கிறார்கள் என்றான். அண்ணி பயந்துபோய் மையத்துக்குப் போன் செய்தாள். கவுன்ட்டர்காரர் எடுத்தார்.

"ஃபைல் மூடியிருக்கும்மா. ஏழு நாள் முடிச்சிட்டுக் கூட்டிட்டு வாங்க."

"அவருக்கு உடம்பெல்லாம் நடுங்குதுங்க."

"அது அப்படித்தாம்மா இருக்கும். நாலு நாள்தானே பாக்கி?"

அண்ணி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். அங்கே கொண்டுபோனால் ஊசி, மாத்திரை என்று ஏதாவது கொடுப்பார்கள், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று அண்ணனே முனகினான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை வலிப்பு வந்தது. நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எல்லாம் ஓய்ந்த பிறகு நலம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் யோசித்தார். கம்பெனி சார்பில் ஒரு கடிதம் நீட்டினார். ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு மூன்று முறை துக்க ஆலோசனை, இலவசம்.

அண்ணி கடிதத்தை வாங்கவில்லை. "பத்தரைக்கு வரணுங்களா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு எந்த நேரம் வசதியோ..." என்றார் அவர். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அப்படிப்பட்டவரிடம் கோபப்படுவதுகூட வீண் செலவு.

அடுத்த செவ்வாய் நான் மையத்துக்குப் போனேன். அண்ணனின் மருந்துக் குறிப்பு நோட்டு அங்கே இருந்தது. கம்பெனிக்குக் காகிதம் கொடுக்க அது வேண்டுமாம். ஆலோசகர் அம்மா ஃபைலைப் பிரித்து எனக்குக் காட்டினார். ஒத்துழைப்பு குறைவு. வருகை ஒழுங்கில்லை. ஊக்கம் போதாது.

"இன்னும் கொஞ்சம் முயற்சி எடுத்திருக்கலாம்" என்றார், வருத்தமாகத்தான்.

மூன்று கையெழுத்துப் போட்ட தாளை அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அதையும் ஃபைலில் சேர்க்கப் போனார், பழக்கத்தில்.

எழுந்தபோது, எப்போதும் திறந்தே கிடக்கும் அந்த அறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ ஒட்டியிருப்பது தெரிந்தது. கதவைக் காலால் தள்ளி மூடினேன். மஞ்சள் போஸ்டர். ஆறு வரிகள். மூன்றாவது வரி: 'தினமும் குடிப்பவர்கள் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்து உயிருக்கு ஆபத்து ஏற்படலாம்.'

நான் படித்தேன். அவரும் படித்தார். எத்தனை வருடமாக அந்தச் சுவர் அவருக்கு எதிரே இருந்ததோ. "கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்காங்க. பாதுகாப்புக்காக" என்றார்.

'ஏழு நாள்தானே' என்று சொன்ன வாய் இது. நோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கீழே போக லிஃப்டில் ஏறினேன். உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் பராமரிப்பு அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் செருகியிருந்தது. தேதி, பழுது, செய்த வேலை, கையெழுத்து என்று நாலு பத்தி. கடைசியாக எழுதியிருந்தது அவன்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை தேதி. அவனுடைய சாய்ந்த கோழிக் கிறுக்கல். 'மூணாவது நாலாவது மாடி நடுவுல நின்னது. சரி பண்ணியாச்சு. அவசர மணி அடிக்கல, பேட்டரி தீந்துடுச்சு. அடுத்த செவ்வாய் வரும்போது புதுசு கொண்டுவந்து போடணும்.'

நான் அந்த மணியை அழுத்திப் பார்த்தேன். பேட்டரி இன்னும் போடவில்லை.