டவுன் பஸ்ஸில் ஒரு சல்யூட்

இன்னிக்கு ஸ்ரீரங்கம் பஸ்ல வந்த கோபம் இன்னும் அடங்கலை.

எதிர் சீட்ல ஒரு பொண்ணு, மடியில ஒரு வயசுக் குழந்தை. அவ புருஷன் குழந்தைக்கு எதிரே நின்னுக்கிட்டு, வலது கையை நெத்தியில வெச்சு, "சல்யூட் அடி" என்றார்.

குழந்தை சிரிச்சுக்கிட்டே இடது கையைத் தூக்கிச்சு. அந்தக் கையிலயே பட்டுனு ஒரு அடி.

"பொன்மலையில ஆபீசர் வீட்டுக்குப் போறோம். அங்க பீச்சாங்கையால சல்யூட் அடிச்சா மானம் போயிடும்" என்றார் என்கிட்ட.

"நேத்து அந்தக் கையைத் துணியால கட்டிட்டாருங்க. அழுதுக்கிட்டே தூங்கிச்சு" என்றாள் அந்தப் பொண்ணு, மெதுவா.

நான் டிரில் டீச்சர். பிள்ளைங்களைப் பார்த்து நிக்கும்போது நான் இடது கையைத் தூக்கினாத்தான் அதுங்க வலது கையைத் தூக்கும். கண்ணாடியில தெரியற மாதிரிதான் செய்யும். பள்ளிக்கூடப் பிள்ளைங்களே அப்படின்னா, பால்குடிக் குழந்தை எப்படிச் செய்யும்?

"நீங்க இடது கையால காட்டுங்க சார், அது வலது கையால அடிக்கும்" என்றேன்.

"நான் போய் பீச்சாங்கையால சல்யூட் அடிக்கிறதா? நல்லா இருக்குங்க" என்றார்.

சரின்னு நானே என் இடது கையை நெத்தியில வெச்சேன். குழந்தை என்னையே பார்த்துச்சு. அப்புறம் அழகா வலது கையைத் தூக்கி நெத்தியில வெச்சுது.

அவர் பொண்டாட்டி பக்கம் திரும்பி, "பார்த்தியா, அடிச்சதும் திருந்திடுச்சு" என்றார்.

இப்ப யார் கையைத் துணியால கட்டணும்? படிக்கிறவங்க ஒரு தபால் கார்டு போட்டுச் சொல்லுங்க.